பதினாலாம் நம்பர் வீட்டு வாசல்

சென்னை
12-8-1979

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி உச்சிமாகாளி எழுதுவது. சாமி புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீயும் அத்தானும் மாடுகளும் சுகம்தானா? அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதை உனக்கு வாசித்துக் காட்டும் போஸ்ட்மாஸ்டர் வேணுகோபால் அண்ணாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடு. அவரே வாசிக்கிறவர் என்பதால் வாங்கிக்கொள்வார்.

பட்டணத்தில் இந்த வருஷம் மலேரியா காய்ச்சல் கண்டபடி பரவுகிறது. நம் கரிசல்காட்டில் ஊருக்கு ஒரு கிணறு, அதிலும் பாதி நாள் தண்ணீர் இருக்காது. இங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு கிணறு, மொட்டைமாடியில் ஒரு தொட்டி. கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? கார்ப்பரேஷன் முழுமூச்சாக இறங்கியிருக்கிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்த்து மருந்து ஊற்றுகிறோம். காய்ச்சல்காரர் இருந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, கையோடு நாலு மாத்திரையை விழுங்க வைக்கிறோம். பிறகு வாசல் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து.

ஜனங்கள் லேசில் உள்ளே விடுவதில்லை. நேற்று ஓர் அம்மாள், எங்கள் வீட்டுக் கொசு யாரையும் கடிக்காது என்று சத்தியம் செய்தாள். வளர்க்கிறாளோ என்னவோ. ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அக்கா, போன மாதம் நடுங்கிக்கொண்டு கிடந்த ஒரு கிழவர் நான் கொடுத்த மாத்திரையில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் கொடுத்திருக்கும் தெருக்களில் நம் சந்தனமாரி வாழ்க்கைப்பட்ட தெருவும் இருக்கிறது. அவள் வீடு பதினாலாம் நம்பர். கல்யாணம் பேசும்போது தாய்மாமன் கார்ப்பரேஷனில் சுகாதார இன்ஸ்பெக்டர் என்று நீ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். நானோ காக்கி அரை டவுசரும் தோளில் மருந்து டின்னுமாகப் போகிறவன். எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? சீக்கிரம் பதில் எழுது.

உன் தம்பி,
உச்சிமாகாளி

*

வேப்பங்கரைப்பட்டி
ஓட்டப்பிடாரம் வழி
27-8-1979

அருமைத் தம்பி உச்சிமாகாளிக்கு ஆவுடைத்தாய் சொல்ல, வேணுகோபால் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தானுக்கு வலி அப்படியேதான், ஆனால் கோவில்பட்டிச் சந்தைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் காணாமல் போய்விடுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மருந்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதே.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை சங்கிலிப்பாண்டியின் அம்மா மீனாட்சியம்மாள், "தாய்மாமன் பட்டணத்துல என்ன வேலை பாக்குதாவ?" என்று கேட்டார்கள். உன் அத்தான், "சுகாதாரத்துல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்ஸ்பெக்டரு" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது? கல்யாணத்துக்கு நீயும் வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் பேனாவுமாக வந்து நின்றாய்.

சந்தனமாரிக்கு இது நாலாம் மாதம். கார்த்திகையில் வளைகாப்புப் போட்டு இங்கே கூட்டி வந்துவிடுவோம். அதுவரைக்கும் அந்த வீட்டுப் படி ஏறாதே. அந்தம்மாள் வாய் பொல்லாத வாய். "ஏலே, பிள்ளை வயித்துல ஒரு உயிரோட இருக்கா, அவளுக்கு அங்கன ஒரு தலைகுனிவு வந்துரக் கூடாது" என்று எழுதச் சொல்கிறேன். வெளியில் நின்றே வேலையை முடித்துக்கொள்.

இப்படிக்கு
அக்கா ஆவுடைத்தாய்

பின்குறிப்பு: கொல்லைக் கிணற்றுக்கு வாசலில் நின்று மருந்து ஊற்ற முடியாது என்பது அடியேன் அபிப்பிராயம். கேட்டதற்கு, சொன்னதை மட்டும் எழுதுங்கள் என்று உத்தரவு. - வேணுகோபால்

*

சென்னை
24-9-1979

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம், உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் எழுது. ஊரில் விதைப்புக்கு மழை உண்டா?

நீ சொன்னபடியே நடந்துகொள்கிறேன். பதினாலாம் நம்பர் வாசலில் மட்டும் சைக்கிளை நிறுத்துவதில்லை. அந்த வீட்டுக் கிணற்றை என் கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறேன், அவன் பார்த்துக்கொள்வான்.

போன ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பழமும் பூவும் வாங்கி, மாமனாக லட்சணமாகப் போய் வந்தேன். பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மசக்கை தெளிந்துவிட்டது. புளியங்காய் கேட்கிறாள், இந்த ஊரில் புளியமரத்தைத் தேடி எங்கே போக? மீனாட்சியம்மாள் காப்பி கொடுத்து, "ஒங்களுக்குக் கீழ எத்தனை பேரு வேலை பாக்குதாவ?" என்று கேட்டார்கள். ஆறு பேர் என்றேன். "அந்த ஆறு பேருல ஒருத்தனும் எங்க கெணத்தை எட்டிப் பாக்க வரலையே" என்றார்கள். ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்தனமாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உன் தம்பி,
உச்சிமாகாளி

*

வேப்பங்கரைப்பட்டி
15-10-1979

தம்பிக்கு அக்கா ஆவுடைத்தாய் ஆசீர்வாதம். கார்டில் இடம் குறைவு என்று அண்ணாச்சி சொல்கிறார். நல்ல மழை. பருத்தியும் உளுந்தும் ஊன்றியாகிவிட்டது. மண் காலோடு ஒட்டிக்கொண்டு செருப்பை விடமாட்டேன் என்கிறது. கார்த்திகை பத்துக்குள் வளைகாப்பு. உன் அத்தான் புளியங்காய் ஒரு பை நிறையக் கட்டி வைத்திருக்கிறார். பிள்ளையை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள், சலவைச் சட்டையோடு.

*

சென்னை
9-11-1979

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

சந்தனமாரிக்கு ஒரு வாரமாகக் கொஞ்சம் காய்ச்சல். நீ பதற வேண்டாம். மழைக்காலம், எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். இரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. அதில் மலேரியா இல்லை என்று அட்டையும் வந்துவிட்டது. வேலை அதிகம், பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உச்சிமாகாளி

*

வேப்பங்கரைப்பட்டி
22-11-1979

அருமைத் தம்பிக்கு ஆவுடைத்தாய் எழுதுவது. உன் உடம்பு சுகத்துக்கு எழுது. உன் போன கடிதம் எட்டு வரிதான் என்று அண்ணாச்சி எண்ணிச் சொன்னார். கோபமா?

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லையாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் ஆனால் கட்டில் கிடுகிடுக்கிற மாதிரி குளிர் வருகிறதாம். தெருமுனை டாக்டர் கார்ப்பரேஷன் அட்டையைப் பார்த்துவிட்டு, மலேரியா இல்லை, குடல் காய்ச்சல்தான் என்று மருந்து கொடுக்கிறாராம். பயணம் கூடாது என்றுவிட்டாராம், அதனால் வளைகாப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும், நம் தம்பி எடுத்துப் பார்த்த இரத்தம், அவன் இல்லை என்றால் இல்லைதான் என்று அத்தானிடம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். போய்ப் பார்த்து உடனே எழுது.

அக்கா
ஆவுடைத்தாய்

*

வேப்பங்கரைப்பட்டி
19-12-1979

தம்பிக்கு ஆவுடைத்தாய் எழுதுவது. பட்டணத்திலிருந்து ரயிலேறி, கோவில்பட்டியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். நீ எப்படி இருக்கிறாய்?

ஆஸ்பத்திரியில் சந்தனமாரியோடு நாங்கள் இருந்த ஐந்து நாளில் நீ ஒரே ஒரு நாள் வந்தாய். வார்டு வாசலில் நின்றாய். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய். சந்தனமாரியை மடியில் வைத்து மொட்டை போட்ட தாய்மாமன், அவள் பிள்ளை ஏழு மாதத்தில் இப்படிச் செத்துப் பிறந்துவிட்டதே என்று ஒடுங்கிப்போய் நிற்கிறான் என நினைத்துக்கொண்டேன். ஆண் பிள்ளை. நகம் எல்லாம் முளைத்திருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாள், இது மலேரியா, முதலிலேயே மாத்திரை கொடுத்திருந்தால் பிள்ளை தங்கியிருக்கும் என்று சொன்னார்கள். உன் அத்தானுக்கு அது புரியவில்லை. அன்றைக்கு இல்லாத மலேரியா எப்படி வந்தது என்று கேட்கிறார். அண்ணாச்சியும் கேட்கிறார். கண்ணாடியைப் பார்க்கிறவர்கள் தப்பாகப் பார்த்துவிட்டார்களா தம்பி?

மீனாட்சியம்மாள் வேறு மாதிரி பேசுகிறார்கள். "ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னு கெவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்கு. பொறவு என்ன? பிள்ளை தங்காத ஒடம்பு, அம்புட்டுத்தான்" என்று என் காது கேட்கச் சொன்னார்கள். ஒரு மாதம் பயணம் கூடாதாம். பொங்கல் கழிந்துதான் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும்.

அக்கா

*

வேப்பங்கரைப்பட்டி
3-1-1980

தம்பிக்கு. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், பிள்ளையைக் கூட்டிப் போனால் திரும்ப அனுப்புவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று அவர் அம்மா சொல்கிறார்களாம். மகனுக்கு வேறு இடம் பார்ப்பார்களோ என்று இருக்கிறது. உன் அத்தான் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு அந்த ஊரில் உன்னைவிட்டால் யார்? நாலு வரி போடு.

*

சென்னை
9-1-1980

அக்காவுக்கு உச்சிமாகாளி எழுதுவது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கேடும் வரவில்லை.

வேணுகோபால் அண்ணாச்சிக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை அக்கா தனியாக இருக்கும்போது வாசியுங்கள். அத்தான் இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்தி, பாக்கியைப் பிறகு வாசியுங்கள்.

அக்கா, கண்ணாடியைப் பார்த்தவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. அதில் மலேரியா இல்லைதான். அது சந்தனமாரியின் இரத்தமே இல்லை. என்னுடையது.

அன்றைக்கு நவம்பர் ஐந்து. பதினாறாம் நம்பர் வீட்டு அம்மாள், "பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்கு மூணு நாளா நடுக்கக் காய்ச்சல், போய்ப் பாருங்க" என்றாள். நோட்டில் பெயர் எழுதிவிட்டேன். எழுதினால் இரத்தம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். கூட்டாளி லீவு. எப்படியும் போய்விடுவது என்றுதான் சைக்கிளை நிறுத்தினேன். இதைக் கேட்டால் நீ நம்புவாயோ என்னவோ, இரும்புக் கேட்டின் கொண்டியில் கை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து மீனாட்சியம்மாள் குரல் வந்தது: "யாரு அது, வாசல்ல நிக்கது?"

என் டவுசரைப் பார்த்தேன். முழங்கால் வரை மருந்து ஒழுகியிருந்தது. கொண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். யாரும் பதில் சொல்வதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டேன். டீக்கடைக்குப் பின்னால் நின்று என் விரலைக் குத்திக் கண்ணாடியில் தடவி, பதினாலாம் நம்பர், சந்தனமாரி, வயது இருபது என்று எழுதினேன். இருட்டின பிறகு வந்து அந்த வாசல் சுவரிலும் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் சேர வேண்டிய நாலு மாத்திரை என் பையிலேயே இருந்தது. சாதாரணக் காய்ச்சலாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இல்லை என்று அட்டை வந்துவிட்டது. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று கொடுக்கவில்லை. கூட்டாளி அந்தக் கிணற்றைப் பார்க்கிறான் என்று எழுதியதும் பொய். அவனிடம் நான் சொல்லவே இல்லை. என்ன காரணம் சொல்வது?

நீ படி ஏறாதே என்று எழுதியதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ எழுதாமல் இருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். யார் யாரோ வீட்டுக்குள் நாய் குரைக்கக் குரைக்க நுழைந்தவன், நம் பிள்ளை வீட்டு வாசலில் நின்று என் துணிக்கு வெட்கப்பட்டேன்.

இப்போது அந்தத் தெருவை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் பிள்ளை தங்காத உடம்பு என்று அவர்கள் சொல்வதை நீ எழுதினாயே, அதிலிருந்து என்னால் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. குற்றம் அவள் உடம்பில் இல்லை. மீனாட்சியம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா? சொன்னால் இன்ஸ்பெக்டர் என்று நீ சொன்னதும் வெளியே வரும். என் ஆபீசுக்கும் தெரிந்து வேலையும் போகலாம், அது போகட்டும். சொல்லாவிட்டால் சந்தனமாரி வாழ்க்கை போகும். நீ ஒரு வார்த்தை எழுது. எதுவானாலும் செய்கிறேன்.

தம்பி என்று போட்டுக்கொள்ளக் கூசுகிறது.
உச்சிமாகாளி

*

வேப்பங்கரைப்பட்டி
21-1-1980

மாமாவுக்கு சந்தனமாரி எழுதுவது.

நான் இங்கே வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பொங்கலுக்கு முன்பே வந்து கூட்டிப் போகச் சொல்லி அத்தை, மகனை விட்டு அப்பாவுக்குத் தந்தி கொடுக்க வைத்துவிட்டார்கள். உங்களுக்குத் தகவல் சொல்ல நேரமில்லை. அதனால்தான் வேணுகோபால் மாமா வாசிப்பார் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது இனி என் தயவு எதற்கு என்று கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டே, "வாசி" என்றாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது என்பது வரைக்கும் சத்தமாக வாசித்தேன். பிறகு கண் மட்டும் முன்னால் ஓடிவிட்டது. "என்னட்டி, நிறுத்திட்ட?" என்று அம்மா கேட்டாள். லீவு கிடைக்கவில்லை, மாசியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னேன். "நல்லாருக்கான்லா, அது போதும்" என்றாள். மீதியைக் கொல்லையில் போய் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. மார்பில் பால் கட்டி வலிக்கும்போதெல்லாம் இருக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். இன்ஸ்பெக்டர் என்று தான் சொன்னதால்தான் இதெல்லாம் என்று புரிந்துகொண்டால் அவள் தாங்க மாட்டாள். ஆனால் அத்தையிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளில் காக்கித் துணியோடு போங்கள். அவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர்கள் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன். பிள்ளை தங்காத உடம்பு என்ற பேரோடு மட்டும் என்னால் இருக்க முடியாது.

சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் மாமா. உங்களுக்கு அது தெரியாது. யாரும் எடுக்காத இரத்தத்துக்கு அட்டை வந்தபோது, அத்தை கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வந்து எடுத்துப் போனதாக அவர்களிடம் சொன்னவள் நான்தான்.

அதற்கு முன்னால், நீங்கள் வந்த அன்றைக்கு நான் மாடி ஜன்னலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். உங்களைத் தெருத் திருப்பத்திலேயே பார்த்துவிட்டேன். சைக்கிளை நிறுத்தினதும் கொண்டியில் கை வைத்ததும் பார்த்தேன். எனக்குப் பல் கிட்டிப்போகிற அளவுக்குக் குளிர். பதினாறாம் நம்பர் அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள், இது மலேரியாவாகத்தான் இருக்கும், கார்ப்பரேஷன்காரர் வந்தால் மாத்திரை கேட்டு வாங்கு என்று. மாமா என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நீங்கள் மேலே வந்திருப்பீர்கள். வாயைத் திறந்தேன். அப்போதுதான் அத்தை கீழேயிருந்து, "யாரு அது, வாசல்ல நிக்கது?" என்று கேட்டார்கள். உங்களைக் கேட்கவில்லை மாமா, என்னைத்தான் கேட்டார்கள்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, "யாரோ கார்ப்பரேஷன் ஆளு, அத்தை. போயிட்டாரு" என்று சொன்னேன். நீங்கள் அப்போது இன்னும் போகவில்லை.

சந்தனமாரி